எங்கள் தெருவுக்கு மேல் பறந்த சிங்கப்பூர் விமானம்

டிக்கெட் கவுன்ட்டரில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அம்மன் படத்துக்கு ஒரு முழம் பூவும் ஊதுபத்தியும் வைப்பேன். கம்ப்யூட்டரைப் போடுவது அதற்குப் பிறகுதான். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தவள் அவள் என்று இன்றும் நம்புகிறேன். எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும் விதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்கள் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். தினமும் பத்துப் பேராவது உங்களிடம் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். “சிங்கப்பூர் போக எவ்ளோ நேரம் ஆகும்?”

சென்னையிலிருந்து நாலு மணி நேரம். தூரம் கேட்டால் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திரையில் அப்படித்தான் இருக்கும், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். தப்பில்லை. ஆனால் கேட்டவருக்கு அந்தப் பதில் போதுமா என்று பார்ப்பதற்குத்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் ஆபீசிலேயே மூத்தவர். தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்பார், நானும் போடவில்லை. ஒருநாள் சேலையூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் கையில் டிக்கெட்டோடு வந்து கத்தினார்.

“இன்னா சார் இது? போறப்ப ஆறரை மணி நேரம், வர்றப்ப ஒன்றரை மணி நேரம். போறது மேடா, வர்றது எறக்கமா? ஓட்ட பிளைட்ல போட்டுட்டியா என்னை?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மூத்தவர் சிரிக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி அவர் முன்னே வைத்தார்.

“இது அந்த ஊரு கடிகாரம் சார். நம்ம கடிகாரத்தவிட முந்தி ஓடுது. டிக்கெட்ல ஏர்ற நேரம், எறங்குற நேரம் ரெண்டையும் அந்தந்த ஊரு கடிகாரத்துல போட்டிருப்பான். ரெண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான்.” பிறகு கேட்டார், “அங்க யாரு சார் காத்திருக்காங்க?”

“பொண்ணு. இது ஒன்பதாம் மாசம்.”

“மாப்ள உங்கள கூட்டினு போக வந்தா அந்தப் பொண்ணு தனியா இருக்குமே. வேற யாராவது வர்றாங்களா?”

பெரியவர் அதை யோசித்திருக்கவில்லை. மூத்தவர் தேதியை மாற்றி, மாப்பிள்ளைக்கு விடுமுறையான நாளில், பட்டப்பகலில் இறங்கும்படி வேறு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரரைப் பெண்ணுக்குத் துணையாக இருக்கச் சொல்லும்படியும் சொல்லி அனுப்பினார். ‘ஊர் வம்பு எதற்கு இவருக்கு’ என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. ‘அங்க யாரு காத்திருக்காங்க’ என்ற கேள்வி எதற்கு என்று பல வருஷம் கழித்து, என் தெருவிலேயே எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு அனகாபுத்தூரில். விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற இடத்தில் ஆறு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். காற்று வாட்டமாக இருந்தால் இறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் போகும். டிவியில் பேசுகிறவர்களின் வாய் மட்டும் அசையும். விமானம் போன பிறகு விட்ட பேச்சைத் தொடர்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். சண்டைகூட அப்படித்தான் நின்று நின்று நடக்கும்.

ஒரு ஆடி மாதம். மூன்றாவது ஞாயிறு எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது வழக்கம். அந்த வருஷம் முதல் சட்டியை நான் தூக்குவதாக வேண்டுதல். என் மகளுக்குப் பிரசவத்தில் உயிர் போய் வந்தது. பிள்ளையும் தாயுமாகத் திருப்பிக் கொடுத்தவளுக்கு நான் தூக்கும் சட்டி அது. சனிக்கிழமை சாயந்திரம் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் எதிர் வீட்டுக் கோவிந்தன் அண்ணன் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். மனைவி தேவகி அக்கா. ஒரே மகன் குமரன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அவன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவனுக்கு டிக்கெட் போட்டவன் நான்தான். வெள்ளிக்கிழமை எதுவும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதிய விமானம் ஒன்றில் இடம் இருந்தது. போட்டுவிட்டு வந்து பார்த்தால், தெருவில் பந்தலுக்குக் கீழே கணக்கு நடந்துகொண்டிருந்தது.

நடேசன் அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். இறந்தவருக்குத் தூரத்துச் சொந்தம், கோயில் காரியங்களையும் அவர்தான் முன்னின்று நடத்துவார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை கோயில் கதவு திறக்காது. எடுத்த பிறகு தெருவைக் கழுவி, கோயிலைக் கழுவி, அப்புறம்தான் விளக்கு. பொழுது சாய்ந்த பிறகு எடுப்பதும் இல்லை. ஆகவே சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்தால்தான் காப்பு உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூழ் உண்டு.

“பையன் ஒன்றரை மணிக்கு ஏர்றானாம். நாலு மணி நேரம்ன்றான். அஞ்சரை ஆய்டுது,” என்றார் நடேசன் அண்ணன். “வூட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடும்பா. காத்துகினு இருக்க முடியாது. தம்பி மொறை பையன் ஒருத்தன் கொள்ளி வெக்கட்டும்.”

தேவகி அக்கா உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த ஜவுளிக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. “அண்ணா, ஒன்றரைன்றது அந்த ஊரு ஒன்றரை. நம்ம ஊருல அப்ப பதினொண்ணுதான். மூணு மணிக்கு எறங்கிடுவான்,” என்றேன்.

“மூணா? எமகண்டமும் முடிஞ்சிடுதே. அப்ப அஞ்சு மணிக்கு எடுத்துடலாம்.”

“எறங்குற நேரம் காகிதத்துல இருக்கிற நேரம்ணா. வூட்டு வாசலுக்கு எப்ப வருவான்னு நான் சொல்ல முடியாது.”

“இன்னா பெரிய வாசல்? நம்ம தெரு மேலதானே எறங்குது. ஏணி போட்டா புடிச்சி எறக்கிடலாம்.”

சாவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். அஞ்சு மணி என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. பறை அடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். தேவகி அக்காவின் அண்ணன் மகன் பிரபு, சிறுசேரியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை, போனில் விமானம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடல்மேல் சின்னதாக ஒரு மஞ்சள் விமானம் நகர்ந்தது. தெருவே அவன் தோள்மேல் சாய்ந்து அதைப் பார்த்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்கிலிருந்து வருகிறது என்றான்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. மேகத்தைப் பிய்த்துக்கொண்டு, இறக்கை ஆட, எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. சக்கரம் இறங்கியிருந்தது. இதுதான் மாமா, என்று நடேசன் அண்ணனிடம் சொன்னான் பிரபு. தேவகி அக்கா வாசலுக்கு ஓடிவந்து விமானத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டது. விமானத்தைக் கும்பிட்டதா, உள்ளே இருந்த பிள்ளையைக் கும்பிட்டதா, அவனைக் கொண்டுவந்த தெய்வத்தையா என்று நான் கேட்டதில்லை.

“வந்துட்டான்பா,” என்றார் நடேசன் அண்ணன். “மழைக்கு முன்னாடி வேலைய முடிங்க. பெட்டியத் தெற. தண்ணி எடுத்துனு வாங்க, குளிப்பாட்டிடலாம். முடிக்கிறதுக்குள்ள பையன் வந்துடுவான்.”

பறை முழங்கத் தொடங்கியது. பெண்கள் குடத்தைத் தூக்கினார்கள்.

பிள்ளைகளே, எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு ஊரில் இருப்பவர்கள் விமானம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். தலைக்கு மேல் வந்தால் வீட்டுக்கு வந்த மாதிரி. இத்தனை வருஷம் கவுன்ட்டரில் இருந்த எனக்கே அந்த நிமிஷம் மனசு நிறைந்துவிட்டது.

அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து வேறு விதமான இரைச்சல் கேட்டது. இறங்கிய விமானம் அடங்கும் சத்தம் எங்களுக்குத் தெரியும். இது ஏறும் சத்தம்.

பிரபு போனைப் பார்த்தபடி மெதுவாக, “மாமா, இது மேல போவுது,” என்றான்.

“அது வேற பிளைட்டா இருக்கும்பா,” என்றார் நடேசன் அண்ணன். ஆனால் குரல் இறங்கியிருந்தது. என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. டிக்கெட் போட்டவன் நீதானே. பையன் வந்தானா, வரலையா?”

நான் குமரன் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டேன். அதே குரல்.

“போன் ஆஃப்ல கீதுண்ணா. கால் தரையில படல. பெட்டியத் தெறக்காதீங்க.”

குடம் தூக்கிய பெண்கள் அப்படியே நின்றார்கள். குளிப்பாட்டத் தொடங்கிவிட்டால் பிறகு நிறுத்தக் கூடாது, எடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தச் சமயம் மழை கொட்டியது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துகொண்டோம். விமான நிலையத்தில் எனக்குப் பழக்கமான ஒருவருக்குப் போன் செய்தேன். மழையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். எப்போது திரும்பும் என்றேன். மழை விட வேண்டும், எண்ணெய் போட வேண்டும், ஓட்டுகிறவர்களின் வேலை நேரம் முடியாமல் இருக்க வேண்டும், தெரியாது சார், என்று வைத்துவிட்டார்.

போனை இறக்கியதும் வீட்டில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல். தேவகி அக்காவின் கண்ணும்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ரெண்டு மணி நேரத்துல வந்துடுவான்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடேசன் அண்ணன் காத்திருப்பார். அக்காவுக்கும் ஆறுதல். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து, பொழுது சாயும் அவசரத்தில், என் வாயை நம்பியே பெட்டியைத் திறந்துவிடுவார்கள். தெரியாது என்று உள்ளதைச் சொன்னால் இப்போதே திறந்துவிடுவார்கள். எப்படிச் சொன்னாலும் அந்தப் பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்க வழியில்லை. சாமி படம் இருந்த மூலையைப் பார்த்தேன். சாவு வீடு, விளக்கு இல்லை. இருட்டில் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பேசினேன்.

“அண்ணா, பிளைட் பெங்களூர்ல கீது. அங்கேர்ந்து இங்க வர ஒரு மணி நேரம்கூட ஆவாது. ஆனா அந்த ஒரு மணி நேரம் எப்ப ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இன்னிக்குப் பொழுதுக்குள்ள வர்றது சந்தேகம்தான்.”

“அப்ப எடுத்துட வேண்டியதுதான். நாளைக்குக் கூழ். ஊருக்கே சொல்லியாச்சு. ஒரு ஆளுக்காக ஆத்தாளக் கதவடைச்சு வெக்கச் சொல்றியா?”

“நாளைக்கு மொதல் சட்டி தூக்குறவன் சொல்றேன்ணா. என் பொண்ணு உசுருக்கு வேண்டிகினது அது. ஆடியில இன்னொரு ஞாயிறு கீது. அன்னிக்குத் தூக்குறேன். புள்ளைக்காக நின்னேன்னு சொன்னா, புள்ளையக் குடுத்தவ கோச்சிக்க மாட்டா.”

நடேசன் அண்ணன் என்னை முறைத்தார். எங்கள் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கம் இல்லை. மழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு தேவகி அக்காவைக் கேட்டார்.

“நீ இன்னாம்மா சொல்ற?”

அக்கா அவரைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னது. “மாமா, நேத்து காலையில வேன் எடுக்கிறப்பகூட, ஆடி போனா புள்ள லீவுல வரான்னு சொல்லிகினு போனாரு அவரு. வர்ற வரைக்கும் இருக்கட்டும்.”

நடேசன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றவனைப் பார்த்து, “டேய், ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போன் போடு. நாளைக்கும் வேணும்னு சொல்லு. மேளக்காரங்கள காலையில வரச் சொல்லு,” என்றார். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில், “கூழுக்குக் கரைச்சு வெச்ச கேவுரு மாவு புளிச்சிடும்யா. அத இன்னா பண்றது?” என்றார்.

“தோசை ஊத்திக்கலாம்ணா.”

“ஊத்து, ஊத்து. தெருவுக்கே நீயே ஊத்து,” என்று மழையில் இறங்கிப் போனார், கோயில் பூட்டைச் சரிபார்க்க.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ராத்திரி முழுக்க விமானம் பெங்களூரிலேயே நின்றது, குமரன் போனும் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லாத ஆடி ஞாயிறு எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் தடவை. ஒன்றிரண்டு விமானங்கள் சத்தமாகப் போயின. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

“அண்ணா, எறங்கிட்டேன். அப்பாவ எடுத்துட்டாங்களா?”

“இல்லடா. உனக்காகத்தான் கீறாரு. நிதானமா வா.”

“வந்துட்டானா? ஆரம்பிக்கலாமா?” என்றார் நடேசன் அண்ணன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “இரு, இரு. வாசலுக்கு வரட்டும்,” என்றார்.

தலைக்கு மேல் பறந்தால் கண் இமைக்கும் தூரம். ஆனால் குடியேற்றச் சோதனை, பெட்டி, ஜி.எஸ்.டி. ரோடு, பல்லாவரம், பம்மல் என்று குமரன் சுற்றிக்கொண்டு வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. ஆட்டோவிலிருந்து இறங்கியவன் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான். தேவகி அக்கா கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது. அவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். அப்பாவின் மோவாயைத் தொட்டு, “ஷேவ் பண்ணலையாப்பா?” என்று கேட்டான். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூழ் ஊற்றினோம். சட்டியைத் தூக்கி வரும்போது எதிர் வீடு தீட்டு வீடு, கதவு சாத்தியிருந்தது. மேளக்காரர்கள் அந்த வாசலைத் தாண்டும்வரை நடேசன் அண்ணன் கையைக் காட்டி அடியை நிறுத்தி வைத்திருந்தார்.

காரியம் முடிந்து குமரன் திரும்பிப் போகிற அன்று, வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது தேவகி அக்கா வாசல் படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“தம்பி, நாலு மணி நேரம்னியே. தாண்டிடுச்சே.”

என் போனில் பார்த்தேன். சிங்கப்பூரில் விமானம் இறங்கிவிட்டதாகக் காட்டியது. ‘எறங்கிட்டான்க்கா’ என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த ஊரில் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. அவனுக்காகக் காத்திருந்தவர் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“அவனே சொல்லட்டும்க்கா,” என்று நானும் படியில் உட்கார்ந்தேன்.

தலைக்கு மேல் ஏதோ ஒரு விமானம் போனது. பேச்சை நிறுத்தினோம். அது போய் முடிந்ததும் அக்கா மடியில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. ஊம், ஊம் என்றது. சாப்பிட்டியா என்று கேட்டது. பிறகு வைத்துவிட்டு, “ரூமுக்குப் போய்ட்டானாம்,” என்று சொல்லி, அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனது.